பால் வருமா? - கள்ளிச் செடிகளும் அம்மாவின் ஒரே கேள்வியும்

நீல நிறத்தில், ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக ஒரு செடி. பக்கத்திலேயே வானவில்லின் ஏழு நிறத்திலும் ஒரு கள்ளி. '100 விதைகள் வெறும் 99 ரூபாய்!' உங்கள் போனிலும் இந்த விளம்பரம் வந்து போயிருக்கும். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். அப்படி ஒரு செடி உலகத்தில் எங்குமே கிடையாது. சாதாரணச் செடியின் போட்டோவில் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றியிருக்கிறார்கள். விதை வரும், முளைக்கவும் செய்யும். ஆனால், முளைப்பது ஏதாவது ஒரு புல்லாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிழைப்பே. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. வெள்ளத்தில் முதலை நீந்துகிறது, ரோட்டில் சிறுத்தை நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்தவை என்று தேடிப் பார்ப்பேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், அதே தேடலைச் செடி விற்கிறவர்களின் படங்களில் செய்துகொண்டிருப்பேன். நாலு வருஷமாக இதுதான் என் பொழுதுபோக்கு. கள்ளி, சக்குலென்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகள், அப்புறம் 'இதெல்லாம் ஒரு செடியா?' என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்கும் வகையறாக்கள்.

ஆரம்பம் சாதாரணமானது. சென்னைப் புறநகரில் ஒரு நர்சரிக்கு வீடியோ எடுக்கப் போனோம். பேட்டி முடிந்ததும் நர்சரிக்காரர் நெல்லிக்காய் அளவில் ஒரு முள் உருண்டையைத் தாய்ச் செடியிலிருந்து திருகி எடுத்து, பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேர்கூட இல்லை. "ஒரு வாரம் சும்மா நிழல்ல போட்டு வைம்மா. காயம் காயட்டும். அப்புறம் மண்ணுல வை" என்றார். தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் தரையில் கிடந்தால்தான் பிழைக்கும் என்று ஒரு செடியா? நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா அதைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏய், இது வெட்டுனா பால் வருமா?"

வராது என்றேன். ஊக்கால் குத்திக் காட்டச் சொன்னார். குத்தினேன். தண்ணீர் மாதிரி ஒரு துளி கசிந்தது. "சரி, வச்சுக்க" என்று உள்ளே போய்விட்டார்.

முள் செடி வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்று சொல்வார்களே, அந்த மாதிரி ஏதோ நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, பிறந்தநாளுக்கு அலுவலகத் தோழி ஒரு பூந்தொட்டி கொடுத்தாள். முக்கோணத் தண்டு, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன இலை, அழகான பீங்கான் தொட்டி. மறுநாள் காலையில் அது காம்பவுண்ட் சுவருக்கு வெளியே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. சாயந்திரம் காபி கொடுக்கும்போதுதான் சொன்னார்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். வீட்டில் மூன்றாவது பெண்.

"எனக்கும் எடுத்து வச்சிருந்தாங்க. எங்க அத்தைதான் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். எதை எடுத்து வைத்திருந்தார்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் கொடுத்ததை 1980களில் பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்தன. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. டிப்ளமோ படிக்கும்போது அந்தப் பழைய கட்டுரைகளை நாங்கள் பாடமாகவே படித்தோம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதை எழுதியிருக்கிறேன். என் அம்மா அந்தக் கட்டுரைகளுக்கெல்லாம் முன்னால் பிறந்தவர்.

அத்தை எட்டு மாதம் தன் வீட்டில் வைத்து வளர்த்து, பிறகு கொண்டுவந்து விட்டாராம். அம்மாச்சி வாங்கிக்கொண்டாராம். அதே அம்மாச்சிதான் என்னை மடியில் போட்டு வளர்த்தவர். எனக்குத் தலை வாரி, பிரண்டைத் துவையல் அரைத்து, நெய் விட்டுப் பிசைந்து ஊட்டியவர். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இருந்திருந்தாலும் அவரிடம் இதைக் கேட்டிருப்பேனா, தெரியவில்லை. செடி என்ன செய்யும் என்று அம்மாவிடம் வாதாடலாம். அதையும் நான் செய்யவில்லை.

அன்றிலிருந்து எங்கள் மொட்டைமாடிக்கு ஒரே சட்டம்: பால் வருகிற செடி கிடையாது.

தாவரவியலில் இது ரொம்ப நல்ல சட்டம் என்று போகப் போகத்தான் புரிந்தது. தமிழில் எல்லாவற்றையும் 'கள்ளி' என்கிறோம். ஆனால், இரண்டும் வேறு வேறு குடும்பம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளியும், வயல் வேலியில் நிற்கும் திருகுகள்ளியும் யூபோர்பியா இனம். கிள்ளினால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. கேக்டஸ் என்பது முழுக்க அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. இயற்கையாகவே கடல் தாண்டி வளர்வது ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே ஒரு இனம்தான். மரத்தில் தொங்கும் அந்தக் கள்ளி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இருக்கிறது. மற்றபடி கொலம்பஸுக்கு முன்னால் நம் ஊரில் யாரும் கேக்டஸைப் பார்த்திருக்க முடியாது. பாலைவனத்தில் வெவ்வேறு கண்டத்தில் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள், ஒரே மாதிரி வெயிலுக்கு ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கொண்டன.

அடையாளம் காண, முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரி குட்டிப் புள்ளியிலிருந்து கொத்தாக வந்தால் கேக்டஸ். அந்தப் புள்ளி இல்லாமல் தண்டிலிருந்தே நேராக, பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வந்தால் யூபோர்பியா. அம்மாவின் ஊக்குச் சோதனையும் கிட்டத்தட்ட சரிதான். கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம், மாமில்லேரியா என்ற கேக்டஸில் சில இனங்களுக்கு மட்டும் பால் உண்டு. ஆசையாக வாங்கிய ஒன்று ஊக்குக் குத்தலில் தோற்றுப்போய், இப்போது தோழி வீட்டு பால்கனியில் சுகமாக இருக்கிறது. அடீனியத்திலும் நச்சுச் சாறு உண்டு, அது அரளிக் குடும்பம். "அரளி சாமிக்குப் போடுற பூவுடி" என்று அம்மா அதற்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டார். சட்டம் போட்டவருக்குத் திருத்தம் செய்யும் உரிமையும் உண்டுதானே!

நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியும் வெளிநாட்டுக்காரர்தான். அதற்குச் சென்னையில் ஒரு கதை இருக்கிறது. கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயம், அந்தக் காலத்தில் மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்களின் ஏகபோகம். லிப்ஸ்டிக்கில் இன்றும் சேர்க்கும் கார்மைன் அதுதான். அதை இங்கேயே தயாரிக்க 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்தது உருப்படியாகச் சாயம் தராத வேறு பூச்சி! சாயத்துக்கு ஆகாத அது, கள்ளியைத் தின்பதில் கெட்டி. 1836-38 வாக்கில் தென்னிந்தியாவில் புதராக மண்டிக் கிடந்த கள்ளியை ஒழிக்க அதையே அவிழ்த்துவிட்டார்கள். பூச்சியை விட்டுக் களையை அழிப்பதில் உலகின் முதல் வெற்றிகளில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். என் செடிகளின் இடுக்கில் வெள்ளையாக ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சி, அந்தப் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இயர்பட்டை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்கும்போது ஆண்டர்சனைத் திட்டிக்கொள்வேன். அவர் மேல் தப்பில்லை என்றாலும்.

சரி, இதை எப்படி வளர்க்கிறேன், எப்படி விற்கிறேன் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள்.

சென்னையில் எல்லாம் வராது. இன்ஸ்டாகிராமில் மயக்கும் எச்செவேரியா ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருக்குத்தான் சரி. இங்கே மே மாதத்தில் உயிர் பிழைத்தால், ஐப்பசி மழையில் அழுகும். கேக்டஸ் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் மூச்சு வாங்கும். நம் ஊரில் ராத்திரியும் கொதித்தால், பாவம் அது எப்போதுதான் மூச்சு விடும்? அதனால் கோடையில் பல கள்ளிகள் வளராமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஜிம்னோகேலிசியம், மெலோகேக்டஸ், ஹவோர்த்தியா, அடீனியம், மருள் இவையெல்லாம் சென்னையைப் பொறுத்துக்கொள்கிற ஆட்கள். மண்ணில் பாதிக்கு மேல் கல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டு பியூமிஸ் கல் வாங்கப் பணம் இல்லாவிட்டால், கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். பட்டாணி அளவுக்கு உடைத்து, தூசியைச் சலித்துவிட்டுப் போட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்.

விதையிலிருந்து வளர்ப்பதுதான் உண்மையான போதை. பெரும்பாலான ஜிம்னோகேலிசியத்துக்குத் தன் பூவின் மகரந்தம் ஆகாது, இன்னொரு செடியிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். பெயின்ட் பிரஷ்ஷால் தொட்டு வைப்பேன். விதையைக் கழுவி, மூடியிருக்கும் பிரியாணி டப்பாவில் ஈர மண் போட்டுத் தூவி மூடினால், ஒரு வாரம் பத்து நாளில் கடுகு கடுகாகப் பச்சை தெரியும். அது விற்கிற அளவுக்கு வர இரண்டு மூன்று வருஷம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இப்போதும் ஏழு பிரியாணி டப்பா இருக்கிறது. விருந்தாளிகள் ஆசையாகத் திறந்து பார்த்து ஏமாறுவார்கள். அடீனியக் காய் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாக இருக்கும். வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும். முற்றுகிற சமயத்தில் அதில் நூல் சுற்றிக் கட்டுவது அம்மாவின் டிபார்ட்மென்ட். ஒரு விதையும் பறந்ததில்லை.

வியாபாரம் என்று பெரிதாக இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் கூடி மாற்றிக்கொள்வோம். என்னிடம் இரண்டு குட்டி இருந்தால் ஒன்றைக் கொடுத்து உங்களிடம் இருப்பதை வாங்குவேன். வெளியூருக்கு கூரியர். மண்ணை உதறி, வேர் காய்ந்ததும் பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால், ஒரு வாரம் லாரியில் போனாலும் ஒன்றும் ஆகாது. மல்லிகைச் செடியிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? சின்னக் கள்ளி 100, 150 ரூபாய்க்குப் போகும். பச்சையோடு மஞ்சளோ சிவப்போ கலந்த அபூர்வச் செடியென்றால் ஆயிரங்களில் பேசுவார்கள். சந்தையில் விற்கும் சிவப்பு உருண்டைக் கள்ளி நிஜம்தான், ஆனால் அதன் உடம்பில் பச்சையமே கிடையாது. அடியில் இருக்கும் டிராகன் ஃப்ரூட் தண்டில் ஒட்டுக்கட்டித்தான் வாழவைக்கிறார்கள். தனியாகப் பிரித்து நட்டால் செத்துவிடும். இதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்பது நல்லது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நாங்கள் அப்போது வேறு வீட்டில், தரைத்தளத்தில் இருந்தோம். தொட்டிகள் எல்லாம் முன்பக்கத் திண்ணையில். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. கள்ளி வெயில் தாங்கும், பட்டினி தாங்கும், சாக்கடை கலந்த தண்ணீரில் மூன்று நாள் மூழ்கினால் தாங்காது. ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டால் கூழாகிப் போனது. நர்சரிக்காரர் கொடுத்த அந்த நெல்லிக்காயும்தான். அப்போது அது ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வளர்ந்து, பதினோரு குட்டி போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை பூத்துக்கொண்டிருந்தது. வேலைக்குப் போய் வெள்ளச் செய்திகளைப் போட்டுவிட்டு வந்து, ராத்திரி அழுகின செடிகளைச் சாக்கில் கட்டுவேன். ஊரே வீட்டை இழந்து நிற்கும்போது செடிக்காக அழுவதை யாரிடம் சொல்ல முடியும்?

ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள், எங்கள் குழுவிலேயே மூத்தவர். உள்ளே பேப்பரில் சுற்றி நான்கு குட்டி. '2022 மார்ச்சில் நீ அனுப்பியதன் பிள்ளைகள்' என்று துண்டுச் சீட்டு. அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஒன்று, பிறகு தாம்பரத்திலிருந்து. நான் கொடுத்ததெல்லாம் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. இன்று என் மாடியில் இருப்பதில் பாதி, இப்படிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவை. அபூர்வமான செடி கிடைத்தால் யாருக்கும் தராமல் வைத்துக்கொள்பவர்களும் எங்கள் குழுவில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

போன வருஷம் குழுவில் ஒரு சண்டை. புதிதாகச் சேர்ந்த ஒருவர், கள்ளிமுளையானைக் கொத்துக் கொத்தாகப் படம் போட்டிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் கரடுகளில் பாறை இடுக்கில் முளைப்பது. அம்மாச்சி நுனியை மட்டும் கிள்ளி வந்து துவையல் அரைப்பார். உடல் எடையைக் குறைக்கும் என்று இப்போது அதற்கு மாத்திரை வியாபாரமும் நடக்கிறது. அந்தப் படத்தை நான் தொழில்முறைக் கண்ணோடு பார்த்தேன். வேர் பிய்ந்திருந்தது. அடித்தண்டு வெயிலில் வெளுத்து, பழைய காயத் தழும்புகள். ஒரே சீராக இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. தொட்டியில் வளர்ந்த செடி அப்படி இருக்காது. "விதையில் வளர்த்ததா?" என்று கேட்டேன். "மலையில நிறைய கிடக்குக்கா, எவ்ளோ வேணும்?" என்று பதில் வந்தது.

நான் வாங்கவில்லை, மற்றவர்களும் வாங்க வேண்டாம் என்று எழுதினேன். 'நாலு செடி பிடுங்கினால் மலை காலியாகிவிடுமா?' என்று கேட்டு ஐந்து பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். தென்னாப்பிரிக்காவிலும் நாலு செடியில்தான் ஆரம்பித்தது. கோனோபைட்டம் என்று சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செடி. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காகப் பாறைகளிலிருந்து சுரண்டி எடுத்து, லட்சக்கணக்கில் கடத்தும்போது பிடிபட்டிருக்கிறது. 2020-ல் இத்தாலியில் ஒரு வீட்டில் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீஸ் பிடித்தது. உலகின் கேக்டஸ் இனங்களில் 31 சதவிகிதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015-ல் வெளியான ஐ.யூ.சி.என். மதிப்பீடு சொல்கிறது. கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. தாய்லாந்திலிருந்து சூட்கேஸில் போட்டு எடுத்து வந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுவும் தவறு. செடியோ விதையோ, இறக்குமதி அனுமதியும் செடி நலச் சான்றிதழும் வேண்டும். எனக்கு அந்த ஐந்து பேர் போனதில் வருத்தமில்லை. ஒருவர் மட்டும் நல்ல ஒட்டுக்கட்டுபவர், அது கொஞ்சம் வருத்தம்தான்.

அதே கோயம்புத்தூர் அங்கிள் போன வாரம் போன் செய்தார். அவரிடம் யூபோர்பியா ஒபீசா ஜோடி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியைச் சேர்ந்தது. முள் கிடையாது, இலை கிடையாது, தையல் போட்ட பந்து மாதிரி உருண்டையாக, சாம்பல் பச்சையில் மெல்லிய கோடுகளோடு இருக்கும். ஒரு காலத்தில் சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அருகிப்போனது. பிறகு விதையில் வளர்க்கக் கற்றுக்கொண்டதால், இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிறது. இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. காய் முற்றினால் வெடித்து விதையைத் தூக்கி எறியும் என்பதால், அங்கிள் மேலே கொசுவலைத் துணி கட்டிக் காவல் இருந்து விதை எடுத்திருக்கிறார். மூன்று வருஷக் கன்று ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாராம்.

நாலு வருஷமாக நான் ஆசைப்படும் செடி அது. பெயரிலேயே தெரிந்திருக்கும், பால் வரும்.

"யோசிச்சுச் சொல்றேன் அங்கிள்" என்றேன். அவருக்குக் காரணம் தெரியாது. அலுவலக மேஜையில் வைத்துக்கொள்ளலாம். தோழி வீட்டில் விடலாம். அம்மாவுக்குத் தெரியாமல் மாடியில் கேக்டஸ்களுக்கு நடுவில் வைத்தால்கூட உருண்டையோடு உருண்டையாகப் போய்விடும். அதை மட்டும் செய்யக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அம்மா அடீனியக் காய்க்கு நூல் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, போனில் படத்தைக் காட்டினேன்.

"அழகா இருக்கே. யாரு குடுக்குறா?"

"கோயம்புத்தூர் அங்கிள். ஆனா பால் வரும்மா."

போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டுக்குமா?"

"ஆமாம்மா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நூல்கண்டை டப்பாவில் போட்டு மூடினார். சமையலறை லைட்டை அணைத்துவிட்டு வரும்போது, "எப்ப அனுப்புறாராம்?" என்று கேட்டார்.

மழைக்கு முன்னால் என்றேன்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குல்ல. பாப்போம்" என்றார்.